தொண்ணூற்றாறில் சுற்ற வேண்டியது

அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது எண்பத்தொன்பது, முதல் வளைவில் தொண்ணூறு, இப்போது நான்காவது வளைவில் தொண்ணூற்றிரண்டு, பரவாயில்லை, மலை ஏறுகிற வண்டிக்கு இதெல்லாம் ஒரு சூடே இல்லை என்று அமலோற்பவம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொன்ன கையோடு ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தச் சின்ன மீட்டரின் சிவப்பு எண்ணை மறுபடியும் பார்த்தாள். மெக்கானிக் சிக்கந்தர் மாட்டிக் கொடுத்த மீட்டர் அது. "வண்டியோட முள்ளை நம்பாதீங்க மேடம், பாதியில படுத்தே கெடக்கும், எந்திரிச்சா நேரா மேலதான் போகும். இது தண்ணியோட சூட்டை உள்ளது உள்ளபடி சொல்லும். தொண்ணூறு வரைக்கும் கவலையே இல்ல. தொண்ணூத்தாறு வந்தா முன்னாடி ஃபேன் தானா சுத்தும், உங்களுக்கே சத்தம் கேக்கும். சூட்டை இறக்கிட்டு நின்னுடும். நூத்தஞ்சைத் தாண்டிச்சுன்னா மட்டும் யோசிக்காம நிறுத்திடுங்க, இன்ஜின் போயிடும்." எண்களை அவள் மனப்பாடம் செய்யவே வேண்டாம், இருபத்தாறு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எண்களோடுதான் குடித்தனம், சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு, எது எல்லைக்குள், எது எல்லைக்கு வெளியே. ஆனால் இன்றைக்குத் தன் நெஞ்சு அடிக்கிற வேகம் எந்த எல்லைக்குள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்தொன்பது வயதில், கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையும் கொண்டை நிறையச் சாதிமல்லியுமாக, தன் கல்யாணத்துக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு ஏற்காடு மலை ஏறுகிற பெண் சேலத்தில் வேறு யாராவது உண்டா? சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தது.

பக்கத்து சீட்டில் நறுமுகை இருந்தாள். மாப்பிள்ளையின் மகள். இருபத்துமூன்று வயது, பெங்களூரில் வேலை, காலை ரயிலில் சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கியவளை அமலோற்பவம்தான் போய் ஏற்றிக்கொண்டாள், ஏற்றியதிலிருந்து அந்தப் பெண் பேசியது மூன்று வார்த்தை இருக்குமா, "ம்", "சாப்பிட்டேன்", "பரவாயில்ல". இவளைக் கூப்பிட வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் எதையும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, இவளுக்கும் அதே தடுமாற்றம்தான், நீ என்பதா நீங்க என்பதா, நீ என்றால் அதற்குள் உரிமையா என்று நினைப்பாள், நீங்க என்றால் வாசலிலேயே நிறுத்திவைத்த மாதிரி, அதனால் "பேக்கைப் பின்னாடி வெச்சுக்கலாமே" என்று நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் ஒரு வாக்கியம் கண்டுபிடித்தாள். ஐந்தாவது வளைவு. கியரை இறக்கி, ஆரன் அடித்து, அகலமாக வாங்கித் திருப்பினாள், வண்டி முனகிக்கொண்டு ஏறியது, தொண்ணூற்றுமூன்று. மாப்பிள்ளை குழந்தைவேலு நேற்று ஃபோனில் சொன்னது காதிலேயே இருந்தது. "மூணு சாட்சி கேக்குறாங்க அமலா. எஸ்டேட்ல இருந்து ரெண்டு பேரு வந்துடுவாங்க. மூணாவது கையெழுத்து பாப்பா போடட்டும்னு எனக்கு ஒரு ஆசை. போடுறேன்னுதான் சொல்லுச்சு. ஆனா எப்படிச் சொல்லுச்சுன்னா..." காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசர், நானூறு ஏக்கரில் எந்த மூலையில் எந்தச் செடி வாடுகிறது என்று சொல்லுகிற மனிதர், மகள் எப்படிச் சொன்னாள் என்பதைச் சொல்ல வராமல் நிறுத்திக்கொண்டார். அமலோற்பவம் அப்போதே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. இந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு போடுகிற கையெழுத்தாக இருந்தால் வேண்டாம். வந்த வழியே வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவாள். அண்ணன் வரமாட்டேன் என்று சொன்னபோதுகூட அவள் அழவில்லை, "வேற மதம், அதுவும் ரெண்டாந்தாரம், உனக்கு இந்த வயசுல என்ன அவசரம்" என்றான், அவசரம் என்ற சொல்லுக்கு அவள் சிரித்தேவிட்டாள். ஆனால் இந்தப் பெண்ணின் ஒரு "ம்"மை அவள் ஜங்ஷனிலிருந்து திருப்பித் திருப்பி மனசுக்குள் கேட்டுக்கொண்டு வருகிறாள். தொண்ணூற்றுநான்கு.

எட்டாவது வளைவுக்கு முன்னால் வண்டிகள் நின்றன. கோடை விழா வாரம் என்று தெரியும், கூட்டம் இருக்கும் என்றும் தெரியும், அதற்காக இப்படியா, மேலே ஒரு சுற்றுலா பஸ்ஸும் இறங்குகிற லாரியும் வளைவில் மூக்கோடு மூக்கு உரசி நின்றுவிட்டதாம், முன்னால் நின்ற வேன்காரர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். முழுசாக நின்றாலாவது இன்ஜினை அணைக்கலாம், அப்படியும் இல்லை, ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும், பின்னால் இருக்கிறவன் ஆரனிலேயே சாய்ந்துகொள்வான், ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து கிளட்சைப் பாதி விட்டு, மறுபடி ஒரு முழம். கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டிய சார்பதிவாளர் மதியத்துக்கு மேல் இருக்கமாட்டார், அவருக்குக் கீழே சேலத்தில் மீட்டிங் இருக்கிறதாம். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம்தான், சட்டப்படி ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் இன்னொரு நாள் இந்தப் பெண் பெங்களூரிலிருந்து வருவாளா? தொண்ணூற்றைந்து. காற்றில்லாமல் நிற்கிற வண்டிக்குச் சூடு ஏறத்தான் செய்யும், அதற்குத்தானே ஃபேன், வரட்டும், தொண்ணூற்றாறு வரட்டும். அவள் காதுகள் வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டன. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம், முதலில் ஒரு கிளிக், பிறகு தூரத்தில் ஒரு மாவு மில் ஓட ஆரம்பித்த மாதிரி ஒரு உறுமல், சேலத்து வெயிலில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கேட்டு, அப்பாடா என்று தோளைத் தளர்த்தியிருக்கிறாள். தொண்ணூற்றாறு. கிளிக் இல்லை. ஆரன்களுக்கு நடுவில் காதில் விழவில்லையோ? தொண்ணூற்றேழு. ரேடியோவே பாடவில்லை, இருந்தும் அதை நிறுத்தப் போனாள். தொண்ணூற்றெட்டு. சுற்று, சுற்றித் தொலையேன், உன் வேலையே அது ஒன்றுதானே. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நரம்பு தட்டுப்படக் காத்திருக்கிற நேரம் மாதிரி, விரல்நுனியில் ஏதோ ஓடுவது போலிருக்கும், ஓடாது, அந்த ஒரு கணம் எப்போதும் இவ்வளவு நீளம். "எதுக்கு அதையே பாத்துட்டிருக்கீங்க?" என்றது குரல். அமலோற்பவம் திடுக்கிட்டாள். நறுமுகைதான். "ஃபேன் சுத்தல," என்றாள் இவள், கல்யாணம், கையெழுத்து, நீ, நீங்க எல்லாம் மறந்துபோய். "தொண்ணூத்தாறுல சுத்தணும். இப்ப தொண்ணூத்தொம்போது. இப்படியே போனா இன்ஜின் போயிடும்."

"அணைச்சிடலாமே?" "பின்னாடி பாருங்க, விட மாட்டாங்க. அதோட சட்டுன்னு அணைச்சா தண்ணி ஓடாது, உள்ள இருக்குற சூடு இன்னும் ஏறும்." நூறு. மூன்று இலக்கமானதும் மீட்டரின் முகமே மாறிவிட்டது போலிருந்தது. அப்போதுதான் சிக்கந்தர் எப்போதோ போகிற போக்கில் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது, வண்டிக்குள் ஹீட்டர் என்று ஒன்று இருக்கிறதே, ஊட்டிக்காரனுக்கு மட்டும்தான் அது என்று நாம் நினைக்கிறோம், அதுவும் அதே இன்ஜின் தண்ணீரின் சூட்டைத்தான் உள்ளே ஊதுகிறது, ஆபத்துக்கு அதைத் திறந்துவிட்டால் கொஞ்சம் சூடு அந்த வழியாக வெளியேறும். "கண்ணாடியை முழுசா இறக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஹீட்டர் பிடியைத் தள்ளினாள், சேலத்தில் வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத பிடி, அசையவில்லை, இரண்டு கையாலும் தள்ளினாள், கடைசியில் கிறீச்சென்று போய் ஒட்டிக்கொண்டது, உள்ளே காய்ந்த இலையும் பழைய தூசியும் சேர்ந்து வெந்த வாசனை, பிறகு அனல். மே மாதத்து அனல் போதாதென்று இன்ஜினின் அனல், முழங்காலில் அடித்து, பட்டுக்குள் புகுந்து, முகத்தில் ஏறியது. பவுடர் வழிந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டியது. காலையில் பக்கத்து வீட்டு எஸ்தர் ஒரு மணிநேரம் செய்த அலங்காரம் எல்லாம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நூற்றொன்று. நூற்றொன்று. நூற்றொன்றிலேயே நின்றது. "நிக்குது! ஏறல, நிக்குது!" என்று கத்திவிட்டாள், நறுமுகையும் குனிந்து மீட்டரைப் பார்த்தாள், அவள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கியரில் விழுந்தது. பின்பு அந்தப் பெண் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "எங்கம்மாவுக்கு ரத்தம் எடுத்தது நீங்கதானா?" இந்தக் கேள்வி வரும் என்று அமலோற்பவத்துக்குத் தெரியும், எத்தனையோ ராத்திரி பதில் தயாரித்திருக்கிறாள். "ஆமா. கடைசி ஒரு வருஷம் நான்தான்." "அப்பா அப்பவேவா உங்ககிட்ட..." "இல்ல." அதை எவ்வளவு வேகமாகச் சொன்னாள், வேகமாகச் சொன்னதால் பொய் மாதிரி கேட்டதோ, ஆனால் உண்மை அதுதானே, அந்த வருஷத்தில் குழந்தைவேலு அவளுக்கு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒரு மங்கிய சட்டை, அவ்வளவுதான், பேர்கூடத் தெரியாது. "அவங்க போய் நாலு வருஷம் கழிச்சு, சர்க்கரை பாக்கணும்னு அவரு வந்தாரு. அதுக்கு முன்னாடி எனக்கு அவரு யாருன்னே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது உங்கம்மாவைத்தான்." வேன் நகர்ந்தது. இவளும் நகர்ந்தாள். "எங்க போர்டுல ரத்தப் பரிசோதனைன்னு எழுதியிருக்கும். வந்த முதல் நாளே, இரத்தம்னு எழுதணும், இ எங்கேன்னு கேட்டாங்க. தமிழ் டீச்சர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பெயிண்டரைக் கூப்பிட்டு இ போட வெச்சோம்." நறுமுகையின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா என்று தெரியவில்லை. "நரம்பு கிடைக்கவே கிடைக்காது அவங்களுக்கு. பயப்படுவாங்க. கண்ணை மூடிக்குவாங்க. மூடிக்கிட்டு, நான் நறுமுகைன்னு சொல்றதுக்குள்ள ஊசி உள்ள போயிடணும், ரெண்டாவது தடவை சொல்ல வெச்சீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்னு எனக்கு உத்தரவு. நான் உங்க பேரை முதல்ல கேட்டது அப்படித்தான்." ஹீட்டர் ஊதிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க இவளுக்குத் துணிவில்லை. "அந்த டைம்ல எனக்கு பரீட்சைன்னு வீட்ல ஒண்ணும் சொல்லல," என்றாள் நறுமுகை கடைசியில், முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தபடி, வேர்வையைத்தானா என்று தெரியாதபடி. "யாருமே எதுவும் சொல்லல. ஒரே தடவையில எடுத்துடுவீங்களா?" "பாதி நாள் ரெண்டாவது தடவையும் உங்க பேரைச் சொல்ல வேண்டியிருக்கும். எந்திரிச்சுப் போனதே இல்ல." நூற்றிரண்டு.

எட்டாவது வளைவின் வெளிப்புறத்தில் கொஞ்சம் அகலமான மண்தரை இருந்தது, அங்கே ஒதுக்கிவிட்டாள், பின்னால் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே கடந்தார்கள், திட்டட்டும். இறங்கி பானெட்டைத் தூக்கியதும் அனல் முகத்தில் அறைந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது, அது மட்டும் கூடவே கூடாது, சிக்கந்தரின் முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெந்த தழும்பு இருக்கிறது. ஃபேன் அசையாமல், சாதுவாக, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல நின்றது. "ரேடியேட்டருக்குக் கீழ ஒரு சுவிட்ச் இருக்கு, சூட்டைப் பாத்து ஃபேனை அதுதான் போடும். அது செத்துப்போச்சுன்னா, அதோட பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு ஓட்டையையும் ஒரு கம்பியால சேத்துட்டா ஃபேன் நேரா ஓடும். மெக்கானிக் ஒரு தடவை என் கண்ணு முன்னாடியே செஞ்சாரு," என்றாள் அமலோற்பவம். "கம்பி?" கம்பி இல்லை. டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், மேலே கொண்டுபோகிற கேக். நறுமுகை அவளைச் சுற்றி வந்து பின்னால் நின்றாள். "அசையாதீங்க," என்றாள், கொண்டையில் கை வைத்தாள், ஒரு ஊசியை உருவினாள், இரண்டு காலும் நீண்டு வளைந்த கறுப்புக் கொண்டை ஊசி, இன்னொன்றையும் உருவினாள், கொண்டை சரிந்து சாதிமல்லியோடு முதுகில் விழுந்தது. "கொண்டை ஊசி வளைவுல கொண்டை ஊசி," என்றாள் அந்தப் பெண், முகத்தில் சிரிப்பில்லாமல், அமலோற்பவம்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஊசியின் கறுப்புப் பூச்சை ஒரு கல்லில் தேய்த்தாள். ஆனால் வளையல்களோடு அவள் கை உள்ளே போகவில்லை. "நான் வைக்கிறேன், என் கை ஒல்லி," என்று நறுமுகை குனிந்துவிட்டாள், சாவி போட்டபடி இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது, ஊசி உட்கார்ந்த கணமே ஃபேன் சுற்றும், சுற்றினால் அந்த இறக்கைகளுக்கும் அந்தப் பெண்ணின் விரலுக்கும் நடுவில் இருப்பது நான்கு விரல் இடம், இன்னொருத்தியின் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு பேர் சொன்னாளே அவளுடைய பிள்ளை, அமலோற்பவத்துக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது, அவ்வளவு அனலில். "பிளக் வந்துடுச்சு," என்றாள் உள்ளேயிருந்து. "ஒரு கால் போயிடுச்சு. இன்னொண்ணு..." "பாப்பா, கையை எடு! எடுடீ முதல்ல!" கிளிக். மாவு மில் ஓட ஆரம்பித்தது.

நறுமுகை கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், பத்து விரலும் இருந்தன, அமலோற்பவம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், எடுடீ என்று சொல்லிவிட்டோமே என்பது அப்போதுதான் உறைத்தது, அந்தப் பெண்ணோ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, "எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கு?" என்று மீட்டரைப் பார்க்க ஓடினாள். கைப்பையிலிருந்த மருத்துவமனை பிளாஸ்திரியை ஊசிமேல் சுற்றிவிட்டு, பானெட்டை மூடி ஏறி உட்கார்ந்தபோது நூற்றொன்று, பிறகு நூறு, தொண்ணூற்றெட்டு, ஒவ்வொரு எண்ணையும் நறுமுகை ஏலம் விடுகிற மாதிரி கூவினாள், தொண்ணூற்றைந்துக்கு வந்ததும் ஹீட்டரை நிறுத்தினார்கள், ஜன்னல் வழியாக நுழைந்த மலைக்காற்று ஐஸ் மாதிரி இருந்தது. மேலே பஸ்ஸும் லாரியும் பிரிந்துவிட்டன போல, வரிசை நகர்ந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று, வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன, சில்வர் ஓக் மரங்கள் வந்தன, சுவரில் குரங்குகள் வந்தன, அமலோற்பவத்துக்கு எல்லாவற்றின் மீதும் ஆசை வந்தது, இந்த மரம், இந்த மண், முன்னால் புகை கக்குகிற அந்த வேன், "அம்மா வேற என்ன சொல்வாங்க?" என்று பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வருகிற குரல், அவள் சொல்லிக்கொண்டே ஏறினாள், அவங்களுக்கு எங்க ஸ்டாஃப் ரூம் டீ பிடிக்கும், சர்க்கரை தூக்கலா கேப்பாங்க, எஸ்டேட் காப்பிக்காரரைக் கட்டிக்கிட்டு டீ குடிக்கிறேன்னு வெளிய சொல்லிடாதீங்கம்பாங்க, இதை அவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை. தொண்ணூறு. எண்பத்தெட்டு. சார்பதிவாளர் அலுவலக வாசலில் குழந்தைவேலு கஞ்சி போட்ட வேட்டியில் விறைப்பாக நின்றிருந்தார், வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தவர் இறங்கிய இரண்டு பேரையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார், தலையிலிருந்து கால்வரை நனைந்து, ஒருத்தி கையெல்லாம் கறுப்புப் பிசுக்கு, ஒருத்தி தலைவிரிகோலம். "என்னாச்சு? அடி ஏதும்..." "ஒண்ணும் ஆகலப்பா," என்றாள் நறுமுகை. "நீங்க போய் முதல்ல ஒரு சீப்பு வாங்கிட்டு வாங்க." அவர் எதிர்க்கடைக்கு ஓடி வாங்கி வந்தார். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் நிற்கவில்லை, ஊசிதானே அதைப் பிடித்திருக்கிறது, "கொஞ்ச நேரம் ஓடட்டும், ஆறட்டும், அப்புறம் உருவிக்கலாம்," என்றாள் நறுமுகை, எத்தனையோ காலமாக இந்த வண்டியை ஓட்டியவள் மாதிரி. வராந்தா பெஞ்சில் அமலோற்பவத்தை உட்கார வைத்து, பின்னால் நின்று, ஈரத் தலையைப் பிரிக்க ஆரம்பித்தாள், சிக்கு, இழுத்தாள், வலித்தது, அமலோற்பவம் வாயைத் திறக்கவில்லை, இன்னும் வலித்தாலும் திறந்திருக்கமாட்டாள், கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து அலுவலக உதவியாளர் வந்து எட்டிப் பார்த்தார். "குழந்தைவேலு, அமலோற்பவம் யாருங்க? ஐயா கிளம்பப் போறாரு, சீக்கிரம் வாங்க." தலைக்கு மேலே, சீப்பைப் பல்லில் கடித்திருந்த வாயிலிருந்து, பதில் போயிற்று. "ஐயாவை உக்காரச் சொல்லுங்க. இன்னும் பின்னி முடிக்கல."